இணையக் காப்பீடு (சிறுதொழில்)

இணையக் காப்பீடு என்பது கணினி ஊடுருவல், தரவுக் கசிவு, பிணைத்தொகை கேட்கும் தீநிரல் ஆகியவற்றால் நிறுவனத்துக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் பொதுக் காப்பீட்டு வகை. சொந்த இழப்பு, பிறர்க்கான பொறுப்பு என இருகூறானது. சிறுதொழிலுக்கு முதற்கூறே முதன்மை. தரவு மீட்புச் செலவும் தொழில் முடக்கமும் உடனே தாக்கும், வழக்கு பின்னர்தான் வரும். போலி மின்னஞ்சலை நம்பி ஊழியரே அனுப்பிய பணத்துக்குப் பல பாலிசிகளில் தனி உச்சவரம்பு உண்டு. மொத்தக் காப்பீட்டுத் தொகைக்கு முன் அதைத்தான் பார்க்கவேண்டும்.

சிறு நிறுவனத்தை யார் தாக்குவார் என்ற வாதம் நிற்காது: 2017இல் உக்ரைனியக் கணக்கியல் மென்பொருள் வழியே கிளம்பிய நாட்பெட்யா தீநிரல், நிறுவனத்தின் அளவு பார்த்துப் பரவவில்லை. அதனால் மெர்க் மருந்து நிறுவனத்துக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய அதன் சொத்துக் காப்பீட்டாளர்கள், போரால் வரும் இழப்புக்கு ஈடு இல்லை என்னும் போர் விலக்கைக் காட்டி மறுத்தனர். 2023இல் நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் மெர்க்குக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மார்ச் 31 முதல், லண்டன் லாய்ட்ஸ் சந்தை தனி இணையப் பாலிசிகளில் அரசு ஆதரவுத் தாக்குதலுக்கான விலக்கு விதியைக் கட்டாயமாக்கியது.