ஒரு வகுத்தல் கணக்கின் வரலாறு

வாளியில் அமிழ்த்தி வெந்நீர் வைக்கும் ஹீட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது 230 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்குகிறது. அதன் வழியே 5 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. அதன் மின்தடை எவ்வளவு, திறன் எவ்வளவு என்று கேட்டால் பத்தாம் வகுப்பு மாணவர் அரை நிமிடத்தில் விடை சொல்லிவிடுவார். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, 46 ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன், 1150 வாட். ஒரு மணி நேரம் ஓடினால் 1.15 யூனிட் செலவாகும்.

ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல். அவ்வளவுதான் கணக்கு. ஆனால் இந்த வகுத்தலை உலகம் இரண்டு முறை கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முதல் முறை கண்டவர் அதை வெளியே சொல்லவில்லை. இரண்டாம் முறை கண்டவர் சொன்னார், கேட்பதற்குத்தான் ஆளில்லை.

முதலாமவர் லண்டனில் வாழ்ந்த ஹென்றி கேவண்டிஷ். பெருஞ்செல்வர், மனிதர்களோடு பழகக் கூச்சப்படுபவர். மின்னோட்டத்தை அளக்கும் கருவி எதுவும் அன்று இல்லை. ஆகவே அவர் தம் உடலையே கருவியாக்கினார். உப்புநீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி, தம்மைத் தாக்கும் அதிர்ச்சியின் அளவை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் குறித்துவைத்தார். அழுத்தம் கூடும் விகிதத்திலேயே ஓட்டமும் கூடுகிறது என்ற முடிவை 1781ஆம் ஆண்டிலேயே எட்டிவிட்டார். அந்தக் குறிப்புகளை அவர் அச்சுக்குக் கொடுக்கவில்லை. 1810இல் இறந்தார். ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டது 1879இல். அதற்குள் அந்த உண்மைக்கு வேறொருவர் பெயர் நிலைத்துவிட்டிருந்தது.

அந்த வேறொருவர் கியோர்க் சைமன் ஓம். 1789இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தவர். பூட்டுச் செய்யும் தொழிலாளியின் மகன். தந்தை தாமே முயன்று படித்த கணிதத்தை மகன்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 1817 முதல் ஓம் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தார். பாடம் நடத்திய நேரம் போக மீதியில்தான் ஆராய்ச்சி.

அவருக்கு முதல் தடையாக வந்தது மின்கலம். அன்றைய மின்கலத்தின் அழுத்தம் ஒரு நிலையில் நில்லாது. மின்சாரம் பாயப் பாயத் தளரும். அளவுகோலே சுருங்கிக்கொண்டிருந்தால் துணியை எப்படி அளப்பது? 1825இல் அவர் வெளியிட்ட முதல் சூத்திரம் மடக்கையைக் கொண்டது, தவறானது. அப்போது ஆய்விதழ் ஆசிரியரான பொக்கெண்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார்: மின்கலத்தை விடுங்கள், வெப்பமின்னிரட்டையைப் பயன்படுத்துங்கள். இரு வேறு உலோகங்களை இணைத்து, இணைப்புகளை வெவ்வேறு வெப்பநிலையில் வைத்தால் மின்சாரம் பிறக்கும் என்பதை ஸீபெக் 1821இல் கண்டிருந்தார். ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்தார். ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநிலையும் உருகுநிலையும் மாறுவதில்லை. ஆகவே அழுத்தமும் மாறவில்லை.

பிறகு ஒரே தடிமனும் வெவ்வேறு நீளமும் கொண்ட எட்டுச் செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, தொங்கும் காந்த ஊசியின் விலகலை அளந்தார். 1826இல் விடை கிடைத்தது. ஒரு மாறாத எண்ணை, கம்பியின் நீளத்தோடு இன்னொரு மாறாத எண்ணைக் கூட்டி வருவதால் வகுக்க வேண்டும், அதுவே மின்னோட்டம். முதல் எண் மின்சாரத்தை உந்தும் அழுத்தம். இரண்டாம் எண் சுற்றின் மற்றப் பகுதிகளின் தடை. மாணவர் இன்று போடும் வகுத்தல் இதுவேதான்.

1827இல் இதை விளக்கி பெர்லினில் நூல் வெளியிட்டார். வெப்பம் பரவுவதைப் பற்றி ஃபூரியே எழுதிய கணிதத்தின் வழியில் அமைந்த நூல் அது. சோதனைகளைவிடக் கணிதமே அதில் மிகுதி. ஜெர்மன் அறிஞர்கள் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. மனமுடைந்த ஓம் 1828இல் கொலோன் வேலையைத் துறந்தார். 1833இல் நூரம்பர்க்கில் பேராசிரியர் பதவி கிடைக்கும்வரை நிலையான இடமின்றி இருந்தார்.

கணக்கின் மறுபாதியான பெருக்கலுக்கு அடிகோலியவர் இங்கிலாந்தின் ஸால்ஃபோர்டு நகரில் மதுவடிப்பாலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல். நீரில் அமிழ்த்திய கம்பியில் மின்சாரம் பாய்ச்சி, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்தார். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கிய அளவில் வெப்பம் பிறந்தது. நம் ஹீட்டருக்கு ஐந்தின் வர்க்கம் 25. அதை 46ஆல் பெருக்கினால் அதே 1150. இந்த ஆய்வை அவர் 1840இல் அனுப்பியபோது ராயல் சொசைட்டி அதன் சுருக்கத்தை மட்டுமே அச்சிட்டது. அவருக்கு அப்போது வயது 21.

அதே ராயல் சொசைட்டிதான் 1841இல் ஓமுக்குக் காப்ளி பதக்கம் அளித்தது. அயல்நாடு தந்த அங்கீகாரம். மியூனிக் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் பதவி 1852இல்தான் வந்தது. 1854இல் அவர் காலமானார். 1881இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரை ஏற்றது.

இலக்கிய வாசகர்களான நமக்கு இது பழகிய கதைதான். பெட்டியில் உறங்கிய கையெழுத்துப் பிரதிகளையும், அச்சாகியும் படிக்கப்படாத நூல்களையும் நாம் அறிவோம். அறிவியலிலும் அப்படித்தான் போலும். கேவண்டிஷின் குறிப்புகள் ஓமின் கைக்குக் கிடைத்திருந்தால் மடக்கைச் சூத்திரத்தில் அவர் இடறியிருக்க மாட்டார் என்று எண்ணத் தோன்றுகிறது. கண்டறிவது பாதி வேலை. எழுதி வைப்பதும், எழுதியதைப் பொறுமையாகப் படிப்பதும் மறுபாதி. அந்த இரண்டாம் வேலைக்கு மேதை தேவையில்லை. நம்மைப் போன்ற வாசகர்களே போதும்.