போத்தலுக்குள் ஒரு குளம்: சின்ன மீன்தொட்டியின் வரலாறு

எரிஞ்சுபோன குண்டு பல்ப் ஒன்றை எடுத்து, அடியைக் கழற்றி, உள்ளே இருக்கிற கம்பியை இழுத்தெடுத்து, கொஞ்ச மணல், ஒரு துண்டுப் பாசி, பிறகு ஒரு மீன்குஞ்சு. ஒரு நிமிச வீடியோவில் ‘மினி மீன்தொட்டி’ தயார். ஜாம் போத்தல், பழைய ரீவிப் பெட்டி, உடைஞ்ச பிளெண்டர் எண்டு இப்படியான வீடியோக்களுக்குக் குறைவில்லை. குப்பைக்குப் போகவேண்டிய சாமான் வடிவான பொருளாக மாறுவதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது? எங்களுக்கும் பிடிக்கும். ஆனால், வீடியோ முடிஞ்ச பிறகு அந்த மீனுக்கு என்ன நடந்தது எண்டதை மட்டும் யாரும் காட்டுவதில்லை.

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் ஆச்சரியமான ஒரு விசயம் தெரியவருகிறது. கைவிட்ட சாமானில் மீன் வளர்ப்பது இணையக் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. இன்றைக்கு நாங்கள் காணும் மீன்தொட்டியின் கதையில் போத்தல்களுக்கும் சாடிகளுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. அந்தக் கதையை நடத்தியது கண்ணாடியும் இல்லை, மீனும் இல்லை. பார்ப்பவர் கண்ணில் படாமல் வேலை செய்தவர்கள்தான் அதை நடத்தினார்கள். அந்த வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு போத்தல், இரண்டு பாதைகள்

முதலில் காற்று. 1771இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு கண்ணாடிச் சாடியைக் கவிழ்த்து, அதற்குள் மெழுகுதிரி எரிந்து அணைந்த காற்றில் ஒரு புதினாத் தண்டை வைத்தார். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அதே காற்றில் இன்னொரு மெழுகுதிரி எரிந்தது. கெட்டுப்போன காற்றைச் செடி திருத்துகிறது எண்டு அவர் விளங்கிக்கொண்டார். 1779இல் யான் இங்கன்ஹவுஸ் இன்னொன்றைக் காட்டினார். செடியின் பச்சைப் பகுதிகள்தான் இதைச் செய்கின்றன, அதுவும் வெளிச்சத்தில் மட்டும். நாங்கள் விஞ்ஞான பாடத்தில் ஒளித்தொகுப்பு எண்டு படித்ததன் ஆரம்பம் இது.

அடுத்தது 1829. இலண்டனின் கிழக்குப் பகுதியில் நத்தானியல் வார்ட் எண்ட வைத்தியர் இருந்தார். அவருக்குப் பன்னங்களில் கொள்ளை ஆசை. நிலக்கரிப் புகை மூடிய அந்த நகரத்தில் அவர் நட்ட பன்னம் ஒன்றும் தப்பவில்லை. ஒருநாள் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடிவைத்தார். பூச்சி வெளிவருவதைப் பார்ப்பதுதான் அவர் நோக்கம். ஆனால் பூச்சி வர முதலே மண்ணிலிருந்து ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்தன. பகலில் மண்ணிலிருந்து எழும்பிய ஈரம் கண்ணாடியில் பட்டு, துளியாகித் திரும்ப மண்ணுக்கே வடிந்தது. மூடிய போத்தலுக்குள் ஒரு சின்ன மழை. வெளியில் செத்துப்போன செடி உள்ளே உயிரோடு இருந்தது.

வார்ட் அந்தப் போத்தலைப் பெட்டியாக்கினார். மரச்சட்டமும் கண்ணாடியும் கொண்ட அந்தப் பெட்டிக்கு ‘வார்ட் பெட்டி’ எண்டே பெயர் வந்தது. 1833இல் பன்னங்களும் புற்களும் நிரப்பிய பெட்டிகள் கப்பலில் சிட்னிக்குப் போயின. மாதக்கணக்கான கடற்பயணத்துக்குப் பிறகும் செடிகள் பச்சையாகவே போய்ச் சேர்ந்தன. இந்த இடத்தில்தான் கதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதை வரவேற்பறைக்குப் போனது. மற்றது பேரரசின் தோட்டங்களுக்குப் போனது.

இரண்டாவது பாதையில் நாங்களும் இருக்கிறோம். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 றப்பர் விதைகளை இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அவற்றில் முளைத்தவை 3,000க்கும் குறைவு. அதே வருசம் 1,900க்கு மேற்பட்ட நாற்றுகள் 38 வார்ட் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவில் ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. பிறகு காடுகள் வெட்டப்பட்டன, தோட்டங்கள் வந்தன. தேயிலையோடு றப்பரிலும் வேலைசெய்ய, தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். மலையகத் தமிழரின் வரலாற்றில் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கும் ஒரு மூலை உண்டு. நாற்றுகள் எத்தனை எண்டு எண்ணி எழுதிவைத்தவர்கள், பால் வெட்டியவர்களின் பெயர்களை அந்தக் கவனத்தோடு எழுதிவைக்கவில்லை.

தண்ணி ஊற்றிய பிள்ளை

இனி முதல் பாதை. செடியைக் கண்ணாடிக்குள் வாழவைக்கலாம் எண்டால் மீனை ஏன் ஏலாது?

இதற்கு முன்னோடிகள் இருந்தார்கள். பரிசில் தையல்வேலை செய்து, பிறகு சிசிலியின் மெசினாவில் குடியேறிய ஜான் வில்ப்ரே-பவர் 1832இலேயே கண்ணாடித் தொட்டிகளைச் செய்வித்தார். ஆர்கோநோட் எண்ட கணவாயின உயிரியை அவற்றில் வைத்து அவதானித்தார். அது தன் ஓட்டைத் தானே ஆக்குகிறதா, வேறு உயிரிடமிருந்து பறிக்கிறதா எண்ட நீண்டகாலச் சந்தேகத்தை, அது தானே ஆக்குகிறது எண்டு காட்டித் தீர்த்தார். அவர் வாழ்ந்தது கடலோரம்.

கடலில்லாத நகரத்துக்குள் கடலுயிரை வாழவைத்தவர்களில் ஒருவர் அன்னா தின். வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயப் பாதிரியார் ஒருவரின் மனைவி. 1846இல் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள டோர்க்கிக்குப் போனபோது உயிருள்ள முருகைகளைக் கண்டார். ஊசியும் நூலும் எடுத்து அவற்றைக் கடற்பஞ்சில் தைத்து, சாடியொன்றில் கடல்நீரோடு வைத்து இலண்டனுக்குக் கொண்டுவந்தார். வந்த பிறகுதான் பிரச்சினை. புதுக் கடல்நீர் தினமும் கிடைக்காது. இருக்கிற தண்ணியில் ஒட்சிசன் குறைந்துபோகும்.

அதற்கு அவர் கண்ட வழி மிக எளிது. திறந்த யன்னலுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்குத் தண்ணியை உயர்த்தி ஊற்றுவது. நாங்கள் தேத்தண்ணி ஆற்றுவது மாதிரி. ஒருநாளைக்கு அரை மணித்தியாலத்திலிருந்து முக்கால் மணித்தியாலம். ஆனால் ஊற்றியது அவர் இல்லை. வீட்டில் வேலைசெய்த ஒரு சின்னப் பிள்ளை. 1859இல் அன்னா தின்னின் குறிப்பு ஒரு விஞ்ஞான சஞ்சிகையில் வெளிவந்தபோது, அந்தப் பிள்ளை இதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டாள் எண்ட கருத்தில் ஒரு வரி இருந்தது. பெயர் இல்லை. இன்றைக்குத் தொட்டிகளில் இரவு பகலாகக் குமிழி விடுகிற காற்று மோட்டர் செய்யும் வேலையை அன்றைக்குச் செய்தது அந்தக் கைகள். பிறகு அன்னா தின் கடற்பாசிகளையும் தண்ணியில் சேர்த்தார். பாசி ஒட்சிசன் கொடுக்க, பிள்ளையின் வேலை கொஞ்சமாவது குறைந்திருக்கும் எண்டு நினைக்கத் தோன்றுகிறது.

இரண்டு மீன், கொஞ்ச நத்தை, ஒரு மகன்

இதை ஒழுங்கான பரிசோதனையாகச் செய்தவர் இலண்டனைச் சேர்ந்த இரசாயனவியலாளர் றொபேர்ட் வாரிங்டன். 1849இல் 12 கலன், அதாவது ஏறத்தாழ 54 லீற்றர் தண்ணி பிடிக்கிற தொட்டி ஒன்றில் மணல், சரளைக்கல், வலிஸ்நேரியாச் செடி, இரண்டு சின்னத் தங்கமீன்கள் ஆகியவற்றை வைத்தார். முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு செடியின் பழைய இலைகள் அழுகின, தண்ணி கலங்கியது, கண்ணாடியில் பச்சைப் படலம் படிந்தது. அப்போது அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அழுகியதையும் படலத்தையும் நத்தைகள் தின்றன, தண்ணி தெளிந்தது. நத்தை இட்ட முட்டைகள் மீனுக்குத் தீனியாகின. மீன் விட்ட கழிவு செடிக்கு உரமாகியது. தண்ணி மாற்றாமலே தொட்டி நின்றது. 1850இல் இலண்டன் இரசாயனச் சங்கத்தின் சஞ்சிகையில் அவர் இதை வெளியிட்டார்.

அவருக்குத் தெரியாத ஒரு வேலையாளும் அந்தத் தொட்டிக்குள் இருந்தது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா மீனுக்கே நஞ்சு. அதைப் பற்றீரியாக்கள் முதலில் நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. மணலிலும் கல்லிலும் ஒட்டியிருக்கும் இந்தப் பற்றீரியாக்கள் இல்லாவிட்டால் எந்தத் தொட்டியும் தாங்காது. வாரிங்டன் 1867இல் இறந்துபோனார். அவரது மகனுக்கும் பெயர் றொபேர்ட் வாரிங்டன்தான். ரொதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் மண்ணை ஆராய்ந்த அந்த மகன், இந்த மாற்றம் இரண்டு கட்டமாக, இரண்டு வேறு நுண்ணுயிர்களால் நடக்கிறது எண்டு காட்டினார். 1890இல் செர்கேய் வினோகிராட்ஸ்கி அந்தப் பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்தார். அப்பாவின் தொட்டியில் சத்தமில்லாமல் நடந்த வேலையை மகன் மண்ணில் தேடிக் கண்டார்.

அதற்கிடையில் மீன்தொட்டி ஒரு மோகமாகிவிட்டது. 1845இல் பிரித்தானியாவில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டதும் கண்ணாடி மலிந்தது. 1853இல் இலண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்களுக்கெண்டு கண்ணாடி வீடு திறந்தது. 1854இல் பிலிப் ஹென்றி கோஸ் ‘தி அக்குவாரியம்’ எண்ட நூலை வெளியிட, அந்தச் சொல்லே வழக்குக்கு வந்தது. தொட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கும் வழி இருந்தது. தோட்டக்காரர்கள் இளநாற்றை மூடுகிற மணி வடிவக் கண்ணாடியைத் தலைகீழாக்கி, அதன் குமிழ்ப்பிடியை மரத்தாங்கியின் குழிக்குள் இறக்கினால் வாய் அகன்ற தொட்டி கிடைக்கும். 1850களின் கைநூல்கள் இதைச் சொல்லிக்கொடுத்தன. மீள்பயன்பாடு எண்ட சொல் வர முதலே மீள்பயன்பாடு இருந்திருக்கிறது.

ஆனால் தொட்டியை நிரப்ப உயிர்கள் வேண்டும். சனம் வாளியோடும் உளியோடும் கடற்கரைக்கு இறங்கியது. பாறைக்குட்டைகளில் இருந்த பூக்கள் போன்ற உயிரிகளெல்லாம் பெயர்த்தெடுக்கப்பட்டன. கோஸின் மகன் எட்மண்ட் 1907இல் எழுதிய ‘ஃபாதர் அண்ட் சன்’ நூலில், தான் சின்னனில் பார்த்த கரையின் அழகு அழிந்துபோனதையும் அதில் தன் அப்பாவின் நூல்களுக்கு இருந்த பங்கையும் துக்கத்தோடு பதிவு செய்தார். 1860களின் பிற்பகுதியில் மோகம் அடங்கியது. வெறுமையான கரைகள்தான் மிச்சம்.

எங்கட போத்தல்

இவ்வளவு வரலாறும் ஒரு பழைய போத்தலுக்கு என்ன சொல்கிறது?

முதலாவது, அளவு. வாரிங்டன் இரண்டு சின்ன மீனுக்கு 54 லீற்றர் வைத்தார். பல்ப்புக்குள் பிடிப்பது ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு தண்ணிகூட இல்லை. அதன் வாயும் விரல் அளவு. ஒட்சிசன் தண்ணிக்குள் போவது மேற்பரப்பால்தான். ஆகவே பல்ப்பை மீன்தொட்டியாக்க ஏலாது. அது மீனை மெதுமெதுவாகச் சாகவைக்கிற சாமான், அவ்வளவுதான்.

இரண்டாவது, பாத்திரம். வாய் அகன்ற ஐந்து லீற்றர் கண்ணாடிப் போத்தல் ஒன்று கிடைத்தால் அதில் நல்ல குளம் ஒன்றை உருவாக்கலாம். சவர்க்காரம் போடாமல் கழுவுங்கோ. நன்றாக அலசிய ஆற்றுமணலை இரண்டு அங்குலம் போடுங்கோ. குழாய்த்தண்ணி எண்டால் குளோரீன் போக ஒருநாள் திறந்து வையுங்கோ. கழுத்து வரை நிரப்பாமல், போத்தல் அகலமாக இருக்கிற மட்டத்தோடு நிப்பாட்டுங்கோ. வலிஸ்நேரியா, வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகளை வைத்து, இரண்டொரு சின்ன நத்தை விடுங்கோ. யன்னல் வெளிச்சம் வேணும், உச்சி வெயில் வேண்டாம். பற்றீரியாக்கள் பெருகச் சில கிழமைகள் எடுக்கும். அதுவரை அவசரப்படக் கூடாது. கிழமைக்கு ஒருதரம் தண்ணியில் காற்பங்கை மாற்றுங்கோ.

மீன்? ஐந்து லீற்றரில் மீன் வேண்டாம் எண்டதுதான் எங்கட முடிவு. செடியும் நத்தையும் போதும், பார்க்கப் பார்க்க அலுக்காது. ஆனால் எங்கட நாட்டில் ஒரு விசயத்தை மறக்கக் கூடாது. மீன் இல்லாத திறந்த தண்ணியில் நுளம்பு முட்டையிடும். டெங்கு ஊரில், போத்தலின் வாயை மெல்லிய வலைத்துணியால் கட்டுவது கட்டாயம்.

மீன்தான் வேணும் எண்டால் வீட்டுக் கிணத்தடிக்குப் போனால் சரி. கப்பி மீன்கள் கனக்க வீட்டுக் கிணறுகளிலும் சீமெந்துத் தொட்டிகளிலும் நீந்துகின்றன. தென்னமெரிக்காவைச் சொந்த இடமாகக் கொண்ட அந்தச் சின்ன மீனை எங்கட கிணறுகளில் விட்டது அழகுக்காக இல்லை, நுளம்புக் குடம்பிகளைத் தின்னட்டும் எண்டு. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 உயிர்களை இழந்த நாடு இது. 2016இல் மலேரியா அற்ற நாடு எண்டு உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தபோது, அதற்குப் பின்னால் சுகாதார ஊழியர்களின் பல தசாப்த வேலை இருந்தது. அந்த நீண்ட வேலையில் கப்பிக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு.

யன்னலடியில் தண்ணி ஊற்றிய பிள்ளை, பால் வெட்டிய தொழிலாளி, படலத்தைத் தின்ற நத்தை, மணலுக்குள் இருந்த பற்றீரியா. இவர்களில் ஒருவரும் எந்த ஒரு நிமிச வீடியோவிலும் வரமாட்டார்கள். அடுத்த முறை ‘மினி மீன்தொட்டி’ வீடியோ ஒன்று கண்ணில் பட்டால், லைக் போட முதல் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கோ: இதற்குள் எவ்வளவு தண்ணி? நாளைக்கு அந்தத் தண்ணியை யார் மாற்றுவது?