வார்டு குழுக் கூட்டத்தைக் காணொலியில் நடத்தலாமா? சட்டம் கூறுவது என்ன?

பெங்களூரு: குப்பை, குடிநீர், சாலை தொடர்பான குறைகளை ரிச்சர்ட்ஸ் டவுன் போன்ற பகுதிகளின் குடியிருப்போர் எழுப்புவதற்கான சட்டப்பூர்வ அவை, வார்டு குழு. 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட நகராட்சி அமைப்புகளில் இக்குழுக்களை அமைக்க அரசியலமைப்பின் 243எஸ் பிரிவு வகை செய்கிறது.

பெங்களூரு மாமன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பர் 10-ஆம் தேதி முடிவடைந்தது. அதன்பின் பல ஆண்டுகள் தேர்தல் நடைபெறாததால், இத்தகைய கூட்டங்களின் முக்கியத்துவம் கூடியது.

கொரோனா காலத்தில் பல நாடுகளில் உள்ளாட்சிக் கூட்டங்கள் காணொலிக்கு மாறின. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 4 முதல் இதற்குத் தற்காலிக அனுமதி வழங்கப்பட்டது. அது 2021 மே மாதத்தில் காலாவதியாகவிருந்த நிலையில், 1972-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின்படி உறுப்பினர்கள் நேரில் கூடுவதே கூட்டமாகும் என ஏப்ரல் 28-ஆம் தேதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளிப்படையான சட்ட அனுமதி இல்லையெனில், காணொலியில் எடுக்கப்படும் தீர்மானம் செல்லாததாகிவிடக்கூடும் என்பதை இத்தீர்ப்பு உணர்த்துகிறது.

இந்தியாவில் நிறுவன இயக்குநர்களுக்கு அத்தகைய அனுமதியை 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 173(2) பிரிவு அளிக்கிறது. பங்கேற்போரை அடையாளம் காண்பதும், நடவடிக்கைகளைத் தேதி, நேரத்துடன் பதிவு செய்து பாதுகாப்பதும் அதன் நிபந்தனைகள்.

உள்ளாட்சிக் கூட்டங்களுக்கு இவை மட்டும் போதாது. கைப்பேசியோ இணைய வசதியோ இல்லாதவர்களும் பார்க்கவும் பேசவும் பொது இடத்தில் ஏற்பாடு இருந்தால்தான், அது பொதுமக்களின் கூட்டமாக அமையும்.