தள்ளிய கடனும் தண்டிய கடனும்

மாஸ்கோவில் தமிழில் அச்சாகி வந்த மலிவு விலை நூல்களின் வழியாகவே ருஷ்யாவை அறிந்தவர்கள் நம்மில் பலர். 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்நூல்களின் வரவும் நின்றுபோயிற்று. அதன்பின் அம்மண்ணில் நிகழ்ந்ததை, 'பொதுவுடைமை போய்ச் சந்தை வந்தது' என்ற ஒற்றை வரியில் நாம் முடித்துக்கொண்டோம். அந்த வரி மறைத்துவிட்ட ஒரு பகுதியைப் போலந்தின் வரலாற்றோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1989இல் ததேயுஷ் மசோவியெத்ஸ்கி போலந்தின் பிரதமரானார். அவருடைய நிதியமைச்சர் லெஷெக் பால்செரோவிச் 1990 ஜனவரி 1 முதல் பெரும்பாலான விலைக் கட்டுப்பாடுகளை நீக்கினார், மானியங்களை வெட்டினார். ஈராண்டு கழித்து, 1992 ஜனவரி 2 அன்று, யெகோர் கைதர் ருஷ்யாவில் அதே வழியில் விலைகளை விடுவித்தார். அமெரிக்கப் பொருளியலாளர் ஜெஃப்ரி சாக்ஸ் இரு அரசுகளுக்குமே ஆலோசனை சொன்னவர். மருந்து ஏறத்தாழ ஒன்றுதான்.

விளைவு ஒன்றாக இல்லை. போலந்திலும் ஆலைகள் மூடப்பட்டன, வேலையின்மை பெருகியது. எனினும் 1992இலேயே பொருளாதாரம் வளரத் தொடங்கியது. ருஷ்யாவில் அதே ஆண்டில் விலைகள் இருபத்தைந்து மடங்குக்கும் மேல் உயர்ந்தன. முதியவர்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்த வங்கிச் சேமிப்பு மதிப்பிழந்தது. 1990இல் ஏறத்தாழ 64ஆக இருந்த ஆண்களின் சராசரி ஆயுள் 1994இல் 58க்கும் கீழே சென்றது.

போலந்தின் வேளாண் நிலத்தில் பெரும்பகுதி கம்யூனிச ஆட்சியிலும் உழவர்களிடமே இருந்தது. 'சாலிடாரிட்டி' இயக்கத்தின் வழியாகப் புதிய அரசுக்கு மக்களின் நம்பிக்கையும் கிடைத்தது. இவை முக்கியமான காரணங்களே. ஆனால் வெளியிலிருந்து நீண்ட கையும் இரு நாடுகளுக்கும் ஒன்றாக இல்லை.

போலந்தின் நாணயத்தைத் தாங்க மேலை நாடுகள் தொடக்கத்திலேயே 100 கோடி டாலர் நிதியை ஒதுக்கின. கடன் கொடுத்த அரசுகளின் கூட்டமைப்பான பாரிஸ் கிளப், 1991இல் போலந்தின் கடனில் பாதியைத் தள்ளுபடி செய்ய இசைந்தது. அதே ஆண்டின் இறுதியில், சிதைந்துகொண்டிருந்த சோவியத் ஒன்றியத்தின் குடியரசுகளிடமோ, பழைய கடனுக்குக் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்று அந்நாடுகள் வற்புறுத்தின. அச்சுமை முழுவதும் கடைசியில் ருஷ்யாவின் தலையில் வந்து விழுந்தது. 1992 ஏப்ரலில் ஏழு பெருநாடுகள் ருஷ்யாவுக்கு 2,400 கோடி டாலர் உதவியை அறிவித்தன. அதில் ரூபிளைத் தாங்குவதற்கென்று சொல்லப்பட்ட 600 கோடி டாலர் நிதி வந்து சேரவே இல்லை.

வந்திருந்தால் ருஷ்யா இன்னொரு போலந்தாகியிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. மத்திய வங்கியே நலிந்த ஆலைகளுக்குக் கடனை அள்ளி வழங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஆயினும் பின்னர் பணம் வந்த தருணங்கள் சிந்திக்கத்தக்கவை. 1993 அக்டோபரில் யெல்த்சின் நாடாளுமன்றக் கட்டடத்தின் மீது பீரங்கிகளை ஏவியபோதும் மேலைத் தலைவர்கள் அவர் பக்கமே நின்றனர். 1995இல் பெரும் எண்ணெய், உலோக நிறுவனங்களின் பங்குகள் கடனுக்கு ஈடு என்ற பெயரில் ஒருசிலர் கைக்குப் போயின. மறு ஆண்டு, அதிபர் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு, பன்னாட்டு நிதியம் 1,000 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனுக்கு இசைவளித்தது. சீர்திருத்தத்தின் தொடக்கத்தில் மக்களைத் தாங்க வராத பணம், ஒரு தனிமனிதரின் ஆட்சியைத் தாங்க வந்தது. 1998 ஆகஸ்ட் 17 அன்று ரூபிள் சரிந்தபோது மக்களின் சேமிப்பு மீண்டும் கரைந்தது.

முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியை இழப்பீடு கேட்டு நெருக்கியதன் விளைவை மேலை நாடுகள் அறியாதவை அல்ல. அந்தப் பாடத்தால்தான் 1953இல் லண்டனில் மேற்கு ஜெர்மனியின் கடனில் ஏறத்தாழப் பாதியைத் தள்ளின. அந்த அறிவு வார்சா வரை சென்றது, மாஸ்கோவை எட்டவில்லை.

எண்ணெய் விலை உயர்ந்த பின், 2006 ஆகஸ்டில், ருஷ்யா பாரிஸ் கிளப்பின் சோவியத் காலக் கடனை முழுமையாக அடைத்தது. கடன் கொடுத்தவர்களின் ஏட்டில் அக்கணக்கு நேராகிவிட்டது. 1992இல் சேமிப்பை இழந்த முதியவருக்கு, 'சனநாயகம்', 'சந்தை' என்ற இரு சொற்களும் அந்த இழப்போடு சேர்ந்தே அறிமுகமாயின. பின்னாளில் அச்சொற்களை வெறுக்கக் கற்பித்தவர்களுக்கு அங்கே வேலை எளிதாக இருந்ததில் வியப்பில்லை.