எல்லை வீட்டுக்குள் வந்த கதை

ரெட்டியார்பாளையம் வழியே வில்லியனூர் செல்லும் சாலையில் இன்று நாட்டெல்லை ஏதுமில்லை. ஆனால் பிரெஞ்சுப் புதுச்சேரி ஒரே நிலப்பரப்பாக இருந்ததில்லை. பிரிட்டிஷ் இந்தியக் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. 1908இல் பாரதிக்குப் புகலிடம் தந்தது இந்த எல்லைதான். 1918இல் அதைக் கடந்ததும் கடலூர் அருகே அவர் கைதானார். 1949இல் சுங்க உடன்பாடு முறிந்தபின் எல்லை தாண்டும் பண்டங்கள் சோதனைக்கு உள்ளாயின.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய இசைந்தனர். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. எல்லையின் கதையை அத்துடன் முடித்துவிடுவது நம் வழக்கம்.

உண்மையில் அது இடம்தான் மாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, புதுச்சேரியில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அக்குடியுரிமையைத் தக்கவைக்க ஆறு மாதங்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டியிருந்தது. தெரிவிக்காதோர் இந்தியராயினர். உடன்பிறந்தோரும் இருவேறு நாட்டினராக நேர்ந்தது இவ்வாறுதான். அந்த முடிவு பிள்ளைகளின் குடியுரிமையையும் தீர்மானித்தது.

கீழூர் வாக்கின் கணக்கு ஆவணத்தில் இருக்கிறது. அந்த ஆறு மாதங்களில் வீடுகளுக்குள் நடந்த பேச்சோ முதியோரின் நினைவில்தான் இருக்கிறது. அன்று இருபது வயதானவர் இன்று எண்பதைக் கடந்துவிட்டார். நாம் கேட்டு எழுதிவைக்க வேண்டிய காலம் இதுவே.