ஆளோலையும் 1843ஆம் ஆண்டுச் சட்டமும்

பூவிருந்தவல்லிக்கு அணித்தாகிய குன்றத்தூர், சேக்கிழார் தோன்றிய ஊர். அவர் பாடிய பெரியபுராணத்துள் முதியவர் ஒருவர் சுந்தரரைத் தம் அடிமை என வழக்குரைக்கின்றார். சுந்தரரின் பாட்டனார் தமக்கும் தம் வழியினர்க்குமாக எழுதித் தந்த ஆளோலையே சான்றாகின்றது. வந்தவர் இறைவன் என்பது பின்னரே புலனாகும். பக்திச் சுவையில் திளைப்போர் இங்கு ஒன்றைக் காணாது செல்வர். அந்தணர் மற்றோர் அந்தணர்க்கு அடிமையாதல் உண்டோ என்பதே அவ்வழக்கில் எழுந்த தடை. ஆளோலை தன்னளவிற் செல்லாது என்றார் எவருமிலர். திருவெண்ணெய்நல்லூர் அவையத்தாரும் கையெழுத்தை ஒப்புநோக்கி அதனை ஏற்றனர்.

சேக்கிழாரின் தொண்டைநாட்டில் அடிமை வழக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நின்றது. பூவிருந்தவல்லியும் அம்பத்தூரும் ஆவடியும் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தன. ஆங்கு மிராசுதாரர் நிலங்களில் உழைத்த பண்ணையாட்கள் பெரும்பாலும் பறையர். பிரித்தானிய நாடாளுமன்றம் 1833இல் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம், கும்பினி ஆண்ட நிலப்பகுதிகளையும் இலங்கையையும் விலக்கி வைத்தது. இக்குறையைச் சுட்டியவருள் வில்லியம் ஆடம் குறிப்பிடத்தக்கவர். வங்காளத்தில் வாழ்ந்து அறிந்த அவர், இந்திய அடிமை முறை பற்றிய நூலை 1840இல், அடிமை ஒழிப்புத் தலைவர் பக்ஸ்டனுக்கு எழுதிய மடல்களாக வெளியிட்டார்.

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடுத்து வந்தது. அது எவரையும் நேரே விடுவித்ததன்று. அடிமை என்னும் உரிமையை நீதிமன்றம் நிலைநாட்டாது. வரிபாக்கிக்காக அதிகாரிகள் ஆளை விற்றலாகாது. அடிமை ஈட்டிய பொருளைப் பறித்தலாகாது. உரிமையுடையான்பால் இழைத்தால் குற்றமாவது அடிமைபால் இழைப்பினும் குற்றமே. அஃதாவது, ஆளோலைக்கு இனி அவையில்லை. ஒழிப்பு என்று இதனைப் புகழ்தல் மிகையே.

ஏனெனில், ஓலை போயினும் கடன் நின்றது. செங்கற்பட்டு ஆட்சியர் திரெமன்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பு இதனைத் தெளிவுறுத்தும். திருமணம் முதலியவற்றிற்கு வாங்கிய சிறு தொகை படியாளைப் பிணித்தது. அதனினும் வலியது மனை: குடிசை நின்ற நிலமும் மிராசுதாரருடையதாயின், வேலையை விடுவோன் வீட்டையும் விடவேண்டும். எனவே அவர் மனையும் நிலமும் வழங்கக் கோரினார். 1892இல் அரசு நில ஒதுக்கீட்டுக்கு இசைந்தது. பஞ்சமி நிலம் எனப்படுவது இதுவே. அம்மாவட்டத்திற் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். ஆட்சியர் அறிக்கைகளிற் பேசப்பட்ட மக்கள், அவ்விதழில் தாமே பேசினர்.

கடனாற் பிணிப்பதைக் குற்றமாக்கிய கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. இந்நூற்றாண்டிலும் ஆவடிக்கு அணித்தாகிய செங்குன்றத்து அரிசி ஆலைகளினின்று இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டன. அவர்களைப் பிணித்திருந்தது முன்பணம்.