ராக் அண்ட் ரோல் முன்னோடிகளுக்கு கிளியர் லேக்கில் ஆண்டுதோறும் இசை அஞ்சலி

அமெரிக்காவின் அயோவா மாகாணம், கிளியர் லேக் நகரில் உள்ள சர்ஃப் பால்ரூம் அரங்கில், விமான விபத்தில் உயிரிழந்த ராக் அண்ட் ரோல் இசைக் கலைஞர்கள் மூவரின் நினைவாக ஆண்டுதோறும் பிப்ரவரி 3-ஆம் தேதியையொட்டி இசை நிகழ்ச்சி நடத்தப்படுகிறது. விபத்து நிகழ்ந்து 20 ஆண்டுகள் நிறைவடைந்த 1979-இல் இந்நிகழ்ச்சி தொடங்கப்பட்டது.

பட்டி ஹோலி (22), ரிச்சி வாலன்ஸ் (17), 'பிக் பாப்பர்' என்றழைக்கப்பட்ட ஜே.பி. ரிச்சர்ட்சன் (28) ஆகியோர் 1959-இல் 'விண்டர் டான்ஸ் பார்ட்டி' என்ற இசைப் பயணத்தில் பங்கேற்றனர். 24 நாள்களில் 24 நகரங்கள் எனத் திட்டமிடப்பட்ட இப்பயணத்தில், கடுங்குளிரில் பேருந்தின் வெப்பமூட்டும் கருவி பழுதடைந்தது. உறைபனியால் கால்கள் பாதிக்கப்பட்ட டிரம்ஸ் கலைஞர் கார்ல் பன்ச் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்.

இதனால், பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு சர்ஃப் அரங்கில் நடைபெற்ற நிகழ்ச்சிக்குப் பின்னர் ஹோலி சிறிய விமானம் ஒன்றை வாடகைக்கு ஏற்பாடு செய்தார். காய்ச்சலால் அவதியுற்ற ரிச்சர்ட்சனுக்கு வேலன் ஜென்னிங்ஸ் தமது இருக்கையை விட்டுக்கொடுத்தார். நாணயம் சுண்டியதில் டாமி ஆல்சப்பின் இருக்கை வாலன்ஸுக்குக் கிடைத்தது. மேசன் சிட்டி விமான நிலையத்திலிருந்து நள்ளிரவுக்குப் பின் புறப்பட்ட விமானம், சில நிமிடங்களில் வயல்வெளியில் விழுந்து நொறுங்கியது. விமானி ரோஜர் பீட்டர்சன் (21) உள்பட நால்வரும் உயிரிழந்தனர்.

கருவிகளை மட்டுமே நம்பி விமானத்தை இயக்கும் தகுதி பெறாத விமானி, அதற்கு அவசியம் ஏற்படும் வானிலையில் புறப்பட முடிவெடுத்ததே விபத்துக்குக் காரணம் என அரசு விசாரணை தெரிவித்தது. அவருக்கு அளிக்கப்பட்ட வானிலைத் தகவல்களில் இருந்த குறைபாடுகளும் சுட்டிக்காட்டப்பட்டன.

எனினும், இசைப் பயணம் ரத்து செய்யப்படவில்லை. அன்றிரவே மினசோட்டா மாகாணத்தின் மூர்ஹெட் நகரில் நடைபெற்ற நிகழ்ச்சியில், 15 வயதான பாபி வீ உள்ளூர்க் குழுவினருடன் மேடையேறினார். பின்னாளில் அவர் புகழ்பெற்ற பாடகராக விளங்கினார்.

ஹோலியின் தாக்கம் அட்லாண்டிக் கடந்தும் பரவியது. பின்னர் 'பீட்டில்ஸ்' குழுவாக உருவெடுத்த இளைஞர்கள் 1958-இல் முதன்முதலாகப் பதிவு செய்த பாடல்களில் ஒன்று, ஹோலியின் 'தட்'ல் பி தி டே' ஆகும். டான் மெக்லீன் 1971-இல் வெளியிட்ட 'அமெரிக்கன் பை' பாடல், இத்துயரை அடுத்த தலைமுறைக்கும் கொண்டு சென்றது.

மூவரும் இறுதியாகப் பாடிய சர்ஃப் அரங்கம், 2021-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதே அரங்கில்தான் இன்றும் நினைவு இசை நிகழ்ச்சி நடைபெற்று வருகிறது.